சேனக பிபிலே செய்த வேலையை மாணவர் கையில் கொடுங்கள்

இலங்கை மருத்துவ பீடங்களின் பீடாதிபதிகளுக்கும் மருந்தியல் துறைத் தலைவர்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

செப்டெம்பர் 29, இலங்கையின் அரச மருந்துக் கொள்வனவை ஒழுங்குபடுத்திய மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலேயின் நினைவு நாள். ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி அமைப்பின் பணிக்காகக் கயானா சென்றிருந்த இடத்தில், 1977இல், 57ஆவது வயதில் அவர் காலமானார். நினைவு நாள் என்றால் படத்துக்கு மாலை, குத்துவிளக்கு, ஒரு பேருரை என்பதே நம் வழக்கம். அவை நடக்கட்டும். எங்கள் கோரிக்கை வேறு. இறுதியாண்டு மாணவர்களுக்கு நான்கு பிற்பகல்களை ஒதுக்குங்கள். பிபிலே செய்த வேலையை அவர்களே மேசையில் அமர்ந்து செய்து பார்க்கட்டும்.

இன்றைய மாணவர்களைக் கேட்டால், மருந்துக் கம்பனிகளை எதிர்த்தவர், வணிகப்பெயரை விட்டுப் பொதுப்பெயரில், அதாவது மருந்துப்பொருளின் சொந்தப் பெயரில், மருந்தெழுதச் சொன்னவர் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அவர் எதிர்த்தார் என்பது உண்மைதான். ஆனால் எதிர்த்ததால் மட்டும் மருந்து விலை குறையவில்லை. எந்த மருந்து வேண்டும், எவ்வளவு வேண்டும், எந்தத் தரத்தில், யாரிடம், என்ன விலைக்கு என்ற ஐந்து கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரு நடைமுறையை அவர் உருவாக்கினார். அது கற்பிக்கக்கூடிய திறன். மருந்தியல் பாடத்தில் அதற்கு இடமில்லாமல் இருப்பது பெரிய குறை.

1920 பெப்ரவரி 13ஆம் திகதி பிறந்த பிபிலே, கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்து, கொழும்பு மருத்துவ பீடத்தில் 1945இல் முதல் வகுப்பில் சித்தியடைந்தார். மருத்துவத்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் உரிய தங்கப் பதக்கங்கள் இரண்டும் அவருக்கே கிடைத்தன. அப்படிப்பட்ட பெறுபேறு உள்ளவர் பெயர்பெற்ற நிபுணராகியிருக்கலாம். அவர் மருந்தியலுக்கு வந்தார். எடின்பரோவில் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பி, 1958இல் மருந்தியல் பேராசிரியரானார். 1967இல் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதிப் பொறுப்பை ஏற்றார்; மருத்துவம் கற்பிப்பதையே ஒரு துறையாக ஆராயும் மருத்துவக் கல்வி அலகு அங்கே உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. கொள்கை வகுப்பாளராவதற்கு முன் அவர் ஆசிரியர். பிற்காலத்தில் அவர் செய்ததெல்லாம் ஓர் ஆசிரியர் ஒழுங்காக வகுத்த பாடம் போலவே இருந்ததற்கு அதுதான் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

முதல் பிற்பகல் பட்டியலுக்கு. 1950களின் இறுதியிலேயே அரச வைத்தியசாலைகளுக்கான மருந்துக் கையேட்டை உருவாக்கும் குழுவில் பிபிலே முன்னின்று உழைத்தார். மருந்துகளைப் பொதுப்பெயரில் வரிசைப்படுத்தி, ஒரே வேலையைச் செய்யும் பத்து மருந்துகளில் எது தேவை, எது தேவையில்லை என்று தீர்மானிக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. 1970களில் அதே முறை தனியார் துறைக்கும் சென்றது. அங்கே புழங்கிய 2,100 அளவிலான மருந்துகளைக் குழு 600 அளவுக்குக் குறைத்தது.

இதை வகுப்பில் செய்ய எட்டுப் பேர் கொண்ட குழு போதும். ஒரு மருந்தகத்தில் கிடைக்கும் வலி, காய்ச்சல் மருந்துகள் இருபதின் பெட்டிகளை மேசையில் வையுங்கள். முதலில் வணிகப்பெயரை மறைத்து, உள்ளே இருப்பது என்ன, எத்தனை மில்லிகிராம் என்று எழுதச் சொல்லுங்கள். இருபது பெட்டி எத்தனை சுலபமாக ஆறாகவோ ஏழாகவோ சுருங்குகிறது என்பதை அவர்களே காண்பார்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் பயன், பாதுகாப்பு, நோயாளிக்குப் பொருத்தம், ஒரு முழுச் சிகிச்சைக்கான செலவு என நான்கு நிரல்களை நிரப்பட்டும். வழக்கமாகப் பிழை நேர்வது கடைசி நிரலில்தான். குளிசை ஒன்றின் விலையை ஒப்பிட்டுவிடுவார்கள். நாளுக்கு ஒரு தடவை எடுப்பதையும் நாளுக்கு நான்கு தடவை எடுப்பதையும் குளிசை விலையால் ஒப்பிட முடியாது. சிகிச்சை முடியும்வரை ஆகும் மொத்தச் செலவை எழுத வேண்டும்.

அதே மேசையில் இன்னொரு கணக்கையும் கொடுங்கள். காய்ச்சலுக்கு ஒன்று, தடிமனுக்கு ஒன்று, உடல் நோவுக்கு ஒன்று என மூன்று பெயரில் மூன்று பெட்டி வாங்கிய நோயாளி. மூன்றிலும் 500 மில்லிகிராம் பரசிட்டமோல் இருக்கிறது. மூன்றையும் நாளுக்கு நான்கு தடவை எடுத்தால் 6 கிராம். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 4 கிராமே உச்ச எல்லை. பொதுப்பெயர் ஏன் முக்கியம் என்று அதற்குப் பிறகு தனியாக விரிவுரை செய்யத் தேவையிருக்காது.

இரண்டாவது பிற்பகல் அளவு. மருந்துத் தட்டுப்பாட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் ஒரு வைத்தியசாலைக்கு அடுத்த ஆண்டு நீரிழிவுக்கான மெட்போமின் குளிசை எத்தனை வேண்டும் என்று கணக்கிடத் தெரிந்த வைத்தியர் குறைவு. எடுத்துக்காட்டாக, களஞ்சியப் பதிவின்படி 12 மாதத்தில் 9 இலட்சம் குளிசை கொடுக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். 12ஆல் வகுத்தால் மாதம் 75,000. அந்த ஆண்டில் மூன்று மாதம் மருந்தே இருக்கவில்லை என்றால் இந்த விடை பிழை. இருப்பு இருந்த 9 மாதத்தால் வகுக்க வேண்டும். மாதம் ஒரு இலட்சம். இந்த ஒரு திருத்தத்தைச் செய்யாவிட்டால் சென்ற ஆண்டின் தட்டுப்பாடு இந்த ஆண்டின் கேள்வி அறிவித்தலுக்குள், அதாவது விலைமனு கோரும் ரெண்டருக்குள், புகுந்துவிடும். குறைவாகக் கேட்பார்கள், முன்கூட்டியே தீர்ந்துபோகும், அடுத்த ஆண்டு இன்னும் குறைவாகக் கேட்பார்கள்.

அதோடு கணக்கு முடியாது. கேள்வி கோரிய நாளிலிருந்து மருந்து களஞ்சியத்துக்கு வந்துசேர 8 மாதம் பிடிக்கும், பாதுகாப்பு இருப்பு 3 மாதத்துக்கு வேண்டும் என்றால், கையிருப்பும் வரவேண்டியதும் சேர்ந்து 11 இலட்சத்துக்குக் குறையும் நாளில் அடுத்த கேள்வி வெளியே போயிருக்க வேண்டும். இருப்பு ஒரு இலட்சமாகும்வரை காத்திருந்தால் மிஞ்சுவது அவசரக் கொள்வனவுதான். அவசரத்தில் விலை ஏறுவது ஒரு பக்கம். அதைவிட மோசமானது, பதிவும் பரிசோதனையும் அவசரத்தின் பெயரால் தளர்த்தப்படுவது. 2023இல் வெளிவந்து நீதிமன்றம்வரை போன, தரமற்றதெனக் குற்றம்சாட்டப்பட்ட இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்து விவகாரத்தை எல்லோரும் அறிவோம். அதன் குற்றவாளி யார் என்பது நீதிமன்றத்துக்குரிய கேள்வி. அப்படியொரு கொள்வனவுக்கு எந்தக் கணக்குப் பிழை வழிதிறக்கிறது என்பது மருந்தியல் வகுப்புக்குரிய கேள்வி.

மூன்றாவது பிற்பகலைச் சற்று நீட்டிக் கொடுக்க வேண்டும். 1971 மார்ச்சில் இடதுசாரித் தலைவரும் மருத்துவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பிபிலேயும் சேர்ந்து அரசிடம் கொடுத்த அறிக்கையின் பேரில் அதே ஆண்டில் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் பிபிலே. இறக்குமதியைக் கட்டங்கட்டமாக ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, உலகெங்கும் விலை கோரினார். 1973 முதல் உள்நாட்டுத் தொழிற்சாலைகளுக்கான மூலப்பொருளையும் கூட்டுத்தாபனமே வாங்கத் தொடங்கியது. நீரிழிவுக்கான டோல்பியூட்டமைட்டின் மூலப்பொருள் கிலோவுக்கு 40 டொலருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. போலந்தின் அரச நிறுவனத்திடம் 3 டொலருக்கும் குறைவாகக் கிடைத்தது. பொருளியலாளர் சஞ்சய லாலுடன் பிபிலே எழுதி 1977இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இத்தகைய ஒப்பீடுகள் வரிசையாக இருக்கின்றன. அந்தக் கட்டுரையை இறுதியாண்டில் கட்டாய வாசிப்பாக்குங்கள்.

குறைந்த விலைக்கு வாங்குவது என்றால் விலைப்பட்டியலின் அடியில் உள்ளதைத் தெரிவு செய்வது என்று நினைக்கும் மாணவருக்கு, வாங்கும் மருந்து எப்படி இருக்க வேண்டும் என்று கூறும் விவரக்குறிப்பு ஒன்றை முதலில் எழுதக் கொடுங்கள். மலேரியா மருந்தான குளோரோகுயின் நல்ல எடுத்துக்காட்டு. குளோரோகுயின் பொஸ்பேட் என்ற உப்பு 250 மில்லிகிராமில் அதன் மூலமான குளோரோகுயின் ஏறத்தாழ 150 மில்லிகிராமே. 'குளோரோகுயின் 250 மில்லிகிராம்' என்று மட்டும் எழுதினால் ஒருவர் உப்பின் எடைக்கு விலை கொடுப்பார், மற்றவர் மூலத்தின் எடைக்குக் கொடுப்பார். இரண்டையும் அருகருகே வைத்து எது மலிவு என்று பார்ப்பதில் பொருளே இல்லை. எனவே உப்பு எது, வலு எதன் அடிப்படையில், எந்த மருந்துநூலின் (மருந்துகளின் தரத்தை வகுக்கும் நூலின்) தரம், எந்தப் பொதி, துறைமுகத்துக்கு வரும்போது எத்தனை மாத ஆயுள் மீதமிருக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். நம் காலநிலைக்கு 30 பாகை செல்சியஸ், 75 சதவீத ஈரப்பதத்தில் செய்த உறுதித்தன்மைச் சோதனையின் முடிவைக் கேட்க வேண்டும். குளிர்நாட்டு நிலையில் செய்த சோதனையைக் காட்டி வரும் மருந்து இங்கே என்னவாகும் என்பதை அறிய, ஈரத்தில் கிடந்த அஸ்பிரின் போத்தல் ஒன்றைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். வினாகிரி வாடை வரும். அஸ்பிரின் நீரால் பிளந்து அசெற்றிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் ஆகிவிட்டது என்பதற்கு அந்த வாடையே சாட்சி.

மூலப்பொருளை வாங்கும்போது இன்னொரு பொறியும் உண்டு. வேதியியல் ரீதியில் தூய்மையாக இருந்தும் வேலை செய்யாத பொருள் இருக்கிறது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தான குளோரம்பெனிகோல் பால்மிட்டேட்டின் பளிங்கு வடிவங்களில் 'பி' வடிவம் குடலில் உறிஞ்சப்படும்; 'ஏ' வடிவம் அநேகமாக உறிஞ்சப்படாது. அளவறி பகுப்பாய்வில் இரண்டும் நூறு சதவீதம் என்றே காட்டும். இதைத் தெரிந்தவர்தான் விவரக்குறிப்பில் பளிங்கு வடிவத்தையும் குறிப்பிடுவார். மருந்துக் கொள்வனவு நிருவாகிகளின் வேலை என்று மருந்தியலாளர் ஒதுங்கிவிடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

விவரக்குறிப்பு தயாரானதும் கற்பனையான ஐந்து விலைமனுக்களை, நிறுவனப் பெயரை மறைத்து, கொடுங்கள். ஒன்றில் விலை மிகக் குறைவாகவும் மீதி ஆயுள் ஒன்பது மாதமாகவும் இருக்கட்டும். இன்னொன்றில் பகுப்பாய்வுச் சான்றிதழின் தொகுதி எண் மாதிரியின் தொகுதி எண்ணோடு பொருந்தாமல் இருக்கட்டும். மூன்றாவதில் உப்பா மூலமா என்று சொல்லாமலேயே விடப்பட்டிருக்கட்டும். முதலில் தரம், பிறகு விலை என்ற வரிசையில் மதிப்பிட வேண்டும். விலை உறையை முதலில் திறந்துவிட்டால் மலிவானதன் குறைகளுக்குக் கண் மறைந்துவிடும், அல்லது விலை கூடியதுதான் நல்லது என்ற எண்ணம் வந்துவிடும். பெயரை வெளிப்படுத்துவது கடைசியில். அப்போது நடக்கும் விவாதம் எந்தப் பேருரையையும் விட மனதில் நிற்கும்.

பிபிலேயின் திட்டத்துக்கு மிகக் கடுமையான எதிர்ப்பு இந்தத் தரக் கேள்வியில்தான் வந்தது. மருந்துற்பத்தியாளர்கள் மட்டுமல்ல, மருத்துவர்களில் ஒரு பகுதியினரும் பொதுப்பெயர் மருந்தின் தரத்தைச் சந்தேகித்தார்கள். அந்தச் சந்தேகம் முழுதும் கட்டுக்கதை அல்ல என்பதையும் மாணவருக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1968இல் அவுஸ்திரேலியாவில் வலிப்பு மருந்தான பெனிட்டொயின் கப்சூலில் மருந்தோடு சேர்க்கும் நிரப்புப் பொருளைக் கல்சியம் சல்பேட்டிலிருந்து லக்டோசுக்கு மாற்றினார்கள். உறிஞ்சல் கூடியதால் வலிப்பு நோயாளிகளுக்கு நச்சு விளைவுகள் ஏற்பட்டன. மருந்து அதே, அளவும் அதே. 1971இல் அமெரிக்காவில் இதய மருந்தான டிஜொக்சினின் வெவ்வேறு குளிசைகளை எடுத்தவர்களின் இரத்தத்தில் மருந்தின் செறிவு ஏழு மடங்குவரை வேறுபட்டது கண்டறியப்பட்டது. கூட்டுத்தாபனம் தொடங்கிய அதே ஆண்டு என்பதைக் கவனியுங்கள். இவற்றுக்கெல்லாம் மருந்து வணிகப்பெயரில் வந்ததா பொதுப்பெயரில் வந்ததா என்பது காரணமல்ல. தயாரிப்பு முறையைச் சோதிக்காமல் விட்டதே காரணம். தீர்வு சோதனைக்கூடம்தான். எங்கள் கணிப்பில், கொள்வனவு வேகமாக வளர்ந்த அளவுக்குச் சோதனைக்கூடம் வளராததே அந்தத் திட்டத்தின் வலுக்குறைந்த மூட்டு. இன்றும் அப்படியே.

ஆகவே நான்காவது பிற்பகலை ஆய்வுகூடத்தில் செலவிடுங்கள். குளிசை குறித்த நேரத்தில் எவ்வளவு கரைகிறது என்று பார்க்கும் கரைவுச் சோதனையைப் பரசிட்டமோலில் எந்தப் பீடத்திலும் செய்யலாம். அமெரிக்க மருந்துநூலின்படி 900 மில்லிலீற்றர் பொஸ்பேட் தாங்கற் கரைசல், அமில நிலை (pH) 5.8, வெப்பநிலை 37 பாகை, கலக்கும் துடுப்பு நிமிடத்துக்கு 50 சுற்று. ஆறு குளிசை. 30 நிமிடத்தில் மாதிரியை எடுத்து, வடித்து, ஐதாக்கி, 243 நானோமீற்றரில் அளக்க வேண்டும். எல்லை 80 சதவீதம். முதல் கட்டத்தில் தேற, அந்த எல்லையோடு 5 கூட்டி, ஒவ்வொரு குளிசையும் 85 சதவீதமாவது கரைந்திருக்க வேண்டும். மாணவர் செய்யும்போது பெரும்பாலும் மூன்று இடத்தில் பிழைக்கும். கரைசலில் கரைந்திருக்கும் காற்றை நீக்காவிட்டால் குமிழிகள் குளிசையில் ஒட்டி, நல்ல குளிசையும் தோற்றதாகக் காட்டும்; 41 பாகைக்குச் சூடாக்கி வெற்றிடத்தில் வடித்தால் இது தீரும். மாதிரியை உடனே வடிக்காமல் வைத்தால் அதிலுள்ள துகள்கள் கரைந்துகொண்டே போய், விடை கூடிவிடும். ஆறு பாத்திரத்துக்கும் ஒரே நேரத்தில் குளிசையைப் போட்டுவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக மாதிரி எடுத்தால் ஆறாவதற்கு 30 நிமிடம் தாண்டியிருக்கும். போடும்போதே அரை நிமிட இடைவெளி விட்டுப் போடுவதுதான் முறை.

இரண்டு தயாரிப்புகள் இரத்தத்தில் சேர்க்கும் மருந்தின் அளவை ஒப்பிடும் உயிர்ச்சமநிலைச் சோதனையையும் அன்றே விளக்கிவிடலாம். 80 முதல் 125 சதவீதம் என்ற எல்லையைக் கேட்டதும், பொதுப்பெயர் மருந்தில் 20 சதவீதம் குறைவாக இருக்கலாம் என்று பொருள் கொள்ளும் வைத்தியர்கள் இருக்கிறார்கள். அந்த எல்லைக்குள் அடங்க வேண்டியது வெறும் சராசரி அல்ல, சராசரி விகிதத்தின் 90 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மை விகிதம் இருக்கக்கூடும் என்று கணக்கிடும் வீச்சு, முழுவதும். சராசரி உண்மையிலேயே 20 சதவீதம் குறைந்த மருந்து தேறாது. பெனிட்டொயின், டிஜொக்சின் போன்ற குறுகிய பாதுகாப்பு எல்லை உள்ளவற்றில் மட்டும், ஒரு தயாரிப்பில் நிலைபெற்ற நோயாளியைக் காரணமின்றி மாற்றக்கூடாது, மாற்றினால் இரத்தச் செறிவைப் பார்க்க வேண்டும் என்ற விதிவிலக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். விதிவிலக்கை மறைத்தால் விதியின் மீதும் நம்பிக்கை போய்விடும்.

யாழ்ப்பாணம், மட்டக்களப்பு பீடங்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். மருந்து உறையின் மேல் எழுதப்படும் குறிப்பை மாணவர் தமிழில் எழுதிப் பழகட்டும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்றெக்சேட் இதற்கு நல்ல சோதனை. வாரத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டியதை நாளாந்தம் எடுத்தால் எலும்பு மச்சை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். 'கிழமைக்கு ஒருக்கா' என்று எழுதினால் போதாது. 'திங்கட்கிழமை மட்டும் நான்கு குளிசை' என்று நாளையும் எண்ணிக்கையையும் எழுத வேண்டும். அதே மருந்தகத்தில் 2.5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் குளிசைகள் இரண்டும் இருந்தால் நான்கு குளிசை என்பது 10 மில்லிகிராமா 40 மில்லிகிராமா என்ற ஆபத்தும் உண்டு என்பதால், ஒரு வலுவை மட்டுமே இருப்பில் வைப்பது நல்லது. பட்டியலைச் சுருக்குவதன் பயன் விலையோடு நிற்பதில்லை என்பது இங்கேயும் தெரியும்.

1976 ஆகஸ்டில் கொழும்பில் நடந்த அணிசேரா நாடுகளின் மாநாடு மருந்துக் கொள்வனவிலும் உற்பத்தியிலும் நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று தீர்மானித்தது. இலங்கையின் அனுபவத்தைப் பிற நாடுகளுக்கு எடுத்துச் செல்லும் பணியில்தான் பிபிலே இறந்தார். அவர் இறந்த அடுத்த மாதம், 1977 ஒக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஜெனீவாவில் கூடி முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வகுத்தது. இங்கேயோ அதே ஆண்டு ஆட்சி மாறி, இறக்குமதி மீண்டும் தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. தேசிய மருந்துக் கொள்கை 2005வரை காத்திருந்தது; தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைச் சட்டம் 2015இல்தான் வந்தது. சட்டம் வந்துவிட்டது, வேலை முடிந்தது என்று இருக்க முடியாது. அந்தச் சட்டத்தின் கீழான குழுக்களில் நாளை அமரப்போகிறவர்கள் இன்று உங்கள் விரிவுரை மண்டபத்தில் இருக்கிறார்கள். விவரக்குறிப்பை ஒருமுறைகூட எழுதிப் பாராதவர், தன் முன் வைக்கப்படும் ஆவணத்தில் எதைத் தேடுவது என்று எப்படி அறிவார்?

இரண்டு நிபந்தனைகளை மட்டும் வலியுறுத்துகிறோம். இந்த நான்கு பிற்பகல்களுக்கும் பிபிலே நினைவு நிகழ்வுகளுக்கும் எந்த மருந்து நிறுவனத்தின் அனுசரணையும் வேண்டாம். தேநீர்ச் செலவுக்குக்கூட வேண்டாம். மருந்தாளர் பயிற்சி மாணவர்களையும் மருத்துவ மாணவர்களோடு ஒரே மேசையில் அமர்த்துங்கள். இருப்புக் கணக்கும் கரைவுச் சோதனையும் அவர்களுக்கு ஏற்கனவே தெரியும், நோயாளியின் தேவை மருத்துவ மாணவருக்குத் தெரியும்.

தொடங்க முன்வரும் பீடங்களுக்குக் கணக்குத் தாள்கள், மாதிரி விலைமனுக்கள், மதிப்பீட்டுப் படிவம் ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தயாரித்துத் தருகிறோம். வரும் செப்டெம்பரில் ஒரு பிற்பகலையாவது ஒதுக்கி, திகதியை அறிவியுங்கள். தொடங்குவதற்கு இருபது மருந்துப் பெட்டியும் எட்டு மாணவரும் போதும்.

இப்படிக்கு,
மருந்தியல் கற்பிப்போரும் மருந்தாளர்களுமான சிலர்